கத்திரி படாமல் கனி கொடுப்பது எப்படி?

இந்தக் கையேட்டைத் தொடங்குமுன் மூன்று பொருட்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிவிக்கு மேலேயோ பீரோவுக்குள்ளேயோ இருக்கும் வேதாகமம். தூசி தட்டியே எடுக்கவும். தும்மல் வந்தால் கைப்பேசியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு, கோயிலில் கொடுத்த இந்த ஆண்டுக் காலண்டர். மூன்று, உங்கள் குறைகளை உங்களைவிடத் தெளிவாக அறிந்த ஒரு மைத்துனர். மூன்றாவதைத் தேட வேண்டாம், அதுவாகவே வந்து சேரும்.

இதை எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். அம்மா இராயப்பன்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர், அப்பா சி.எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோயில் மணிக்கும் ஓடி வளர்ந்தவன் நான். அம்மா வீட்டில் குருவானவரைச் 'சாமி' என்பார்கள், அப்பா வீட்டில் 'ஐயர்', இப்போது மகன் போகிற இடத்தில் 'பாஸ்டர்'. மூன்று பேருமே விசுவாசத்தில் வளரச் சொல்கிறார்கள். முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். என்னிடம் வளர்ந்தது இடுப்புச் சுற்றளவு மட்டும்தான் என்பது வீட்டில் உள்ளவர்களின் கருத்து. ஆனாலும் சுருளிப்பட்டிப் பக்கம் ஓர் ஏக்கர் இருபது சென்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. திராட்சைச் செடியைப் பற்றிப் பேசாத பிரசங்கமே கிடையாது. பேசுகிறவர்களில் கொடியைத் தொட்டவர்கள் குறைவு. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எந்தப் பருவத்தில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். திரை கட்டிப் படம் காட்டினார். முதல் படத்தில் பனி மூடிய மொட்டை மரம். "இது உங்களுடைய குளிர்காலம்!" என்றார். அடுத்தது முழுக்கப் பூத்த மரம். "இதோ உங்களுடைய வசந்தம்!" மூன்றாவதில் சிவந்த இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. கூடத்தில் மின்விசிறிகள் வெந்நீரைத் தெளிப்பது போல் காற்றைத் தெளித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த கூடலூர்க்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்: "ஏண்ணே, இந்த மரமெல்லாம் பட்டுப்போச்சா? தண்ணி விடாம விட்டுட்டாய்ங்களா?"

நியாயமான கேள்வி. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பனி என்று நாங்கள் அறிந்தது இரண்டு. மார்கழி விடியலில் வாழை இலையிலிருந்து சொட்டுவது ஒன்று. மற்றது இராயப்பன்பட்டிக் கோயிலில் இருக்கும் பனிமய மாதா. அந்தப் பனியும் ரோமாபுரிப் பனி; அங்கே ஓர் ஆகஸ்ட் மாதத்தில், கோடையில், குன்றின் மேல் பெய்ததாகக் கதை. அதனால் திருநாளும் ஆகஸ்ட் 5. எங்கள் ஊர்க் கணக்கில் அது ஆடிக்காற்று அம்மியைப் பறக்க வைக்கும் மாதம்.

தமிழனுக்கு நான்கு பருவம் போதவே போதாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு வைத்திருந்தோம். பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அதற்கும் மேல் தனிக் கணக்கு. ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று லோயர் கேம்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பருவம். அது வந்தால் 14,707 ஏக்கருக்கு முதல் போக நெல். பிறகு மேற்கேயிருந்து சாரல், வாழையைச் சாய்க்கிற காற்று, ஐப்பசி அடைமழை, மருந்தடித்தே கை ஓய்ந்து போகும் நாட்கள். இதில் எந்த இடத்தில் இலை சிவந்து உதிர்கிறது? புளியமரம்கூட எங்களைக் கேட்டுக்கொண்டு உதிர்ப்பதில்லை.

ஆனால் கையேடு என்று வந்துவிட்ட பிறகு பின்வாங்கக்கூடாது. ஆகவே உங்கள் பருவத்தை இப்படித் தேர்ந்தெடுங்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நின்றால் நீங்கள் 'காத்திருப்பின் காலத்தில்' இருக்கிறீர்கள். கோயில் வளாகத்தைக் கூட்ட ஆள் கேட்டால் அது 'இளைப்பாறுதலின் காலம்'. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல விலை கிடைத்து உங்களுக்குக் கிடைக்காவிட்டால் 'சோதனையின் காலம்'. உங்களுக்குக் கிடைத்து அவருக்குக் கிடைக்காவிட்டால் 'ஆசீர்வாதத்தின் காலம்'. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காலம் உண்டு என்று சொல்லும் பிரசங்கி 3ஆம் அதிகாரத்தை எழுதியவர், எந்தக் காலம் என்று முடிவு செய்யும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டதாக நாமே வைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது.

இடையில் ஒரு பாடம் (தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம், பிறகு புரியவில்லை என்று வரக்கூடாது)

பன்னீர் திராட்சை நம் ஊர்ப் பயிரே இல்லை. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பாஸ்போர்ட் பெயர். வாயில் போட்டதும் வரும் வாசனைக்காக நம்மவர்கள் பன்னீர் என்றார்கள். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. வந்த ஊரை மறந்து, சேர்ந்த ஊரின் பெயரில் பத்திரம் வாங்கிய குடியேறி. எங்கள் வேதமும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் எனக்கு இந்தக் கொடியின் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

குளிர் தேசத்தில் திராட்சைக்கொடிக்கு வேலை எளிது. பனி வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். தூங்கும்போதே வெட்டிவிடுவார்கள். வெயில் வந்ததும் எழுந்து காய்க்கும். கம்பத்தில் அதற்குத் தூக்கமே வராது. பனி இல்லை, இலை உதிர்வதும் இல்லை. சும்மா விட்டால் வருடம் முழுக்கப் பச்சைப்பசேலென்று ஓடிக்கொண்டே இருக்கும். கல்தூணையும் கம்பியையும் மூடி, பந்தலுக்கு அடியில் பகலிலேயே இருட்டாக்கும். பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கொத்து மட்டும் இருக்காது.

ஆகவே இங்கே குளிர்காலத்தை மனிதன்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குப் பெயர் கவாத்து. தண்ணீரைக் குறைத்து, கொடியைக் கொஞ்சம் வாடவிட்டு, கத்திரியோடு ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். போன பருவத்தில் ஓடிய கிளையில் நாலைந்து கண் விட்டுவிட்டு மிச்சத்தை நறுக்குவார்கள். ஒட்டியிருக்கும் இலையையும் உருவிப் போடுவார்கள். மாலையில் பார்த்தால் பந்தலில் குச்சிகளும் வானமும்தான் மிஞ்சியிருக்கும். வெட்டுவாயில் நீர் சொட்டும். அப்போது யாராவது முதல்முறையாகத் தோட்டத்துக்கு வந்தால், "என்ன சார் ஆச்சு, ஏதும் பகையா?" என்று கேட்பார்கள். இரண்டு வாரத்தில் கண் விழிக்கும். நாலு மாதத்துக்குள் கொத்து. இப்படி இரண்டு வருடத்தில் ஐந்து மகசூல்கூட எடுக்கலாம். ஐந்து மகசூல் என்றால் ஐந்து கவாத்து என்பதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு தோட்டத்தில் வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பழம் பறிப்பார்கள் என்பதால்தான் இங்கே வருடம் முழுக்கப் பழம் கிடைக்கிறது.

கவாத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். போலீஸ் மைதானத்தில் 'இடது, வலது' என்று நடக்க வைப்பதும் கவாத்துதான். இந்துஸ்தானி வழியாக வந்த பட்டாளத்துச் சொல் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. யோவான் 15ஆம் அதிகாரத்தில் கனி கொடுக்கிற கொடியைப் பிதா என்ன செய்கிறார் என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள், சுத்தம் பண்ணுவதாக இருக்கும். கிரேக்கத்திலும் அந்தச் சொல்லுக்குச் சுத்தம் செய்வது என்ற பொருள் உண்டு. சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் 'சுத்தம்' என்றதும் நம் மனதில் வருவது சோப்பும் துண்டும். எங்கள் அப்பா பிரசங்கத்தில் பெரும்பாலும் தூங்குகிறவர். ஒருமுறை இந்த இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டு என் காதில் சொன்னார்: "சுத்தம்னு போட்டுட்டாய்ங்க. கவாத்துன்னு போட்டிருந்தா பாதிப்பேரு கோயிலுக்கே வந்திருக்க மாட்டாய்ங்க."

இந்தக் கையேட்டின் நோக்கம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கத்திரி பக்கத்தில் வராமல் செழிப்பாகத் தெரிவது எப்படி என்பதே நம் பாடம். மேலே தொடர்வோம்.

படி 2: நல்ல வாக்குத்தத்தமாகப் பார்த்து எடுங்கள்

இது வாலிபர்களுக்கு முக்கியம், மற்றவர்களும் பின்பற்றலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வண்ண அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். புது வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தரும் வார்த்தை எது என்று ஒன்று எடுக்க வேண்டும். கண்ணை மூடி ஜெபித்து எடுக்கவும். பெருகப் பண்ணுவார், தலையாக்குவார் என்று வந்தால் உடனே அல்லேலூயா சொல்லி மணிபர்சில் வையுங்கள். பொறுமையாயிரு என்ற தொனியில் வந்தால் பதறாமல், "இது பிள்ளைக்கு எடுத்தது" என்று சொல்லி இன்னொன்று எடுங்கள். அதுவும் சரியில்லையா? "இது வீட்டுக்காரிக்கு." என் மைத்துனர் ஒரு வருடம் நான்கு எடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு.

அச்சடிக்கிறவர்களும் விவரமானவர்கள். 'உன்னை வெட்டுவேன்' என்ற வகையில் ஓர் அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை. எரேமியாவும் ஆமோஸும் இந்தத் தட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தலையைச் சீவிக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் நுழைய முடியும். மருந்துக் கடையில் இனிப்பு மாத்திரையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவது மாதிரி. குறை சொல்லவில்லை, என் மணிபர்சிலும் ஒன்று இருக்கிறது. 2016-இல் எடுத்தது. இன்னும் நிறைவேறவில்லை என்பதால் மாற்றவில்லை.

படி 3: மூன்றே நாளில் திரும்பிவிடுங்கள்

மனந்திரும்புதலுக்கு மூன்று நாள் கூட்டம் போதும் என்பது பொதுவான அபிப்பிராயம். முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் தீர்மானம், மூன்றாம் நாள் சாட்சி. இதற்கு எதிராக எங்கள் ஊரில் ஒரே ஓர் உதாரணம் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு ஆறு.

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பலாமா என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்து இருளப்ப பிள்ளைக்கு வந்துவிட்டது. பணம் இல்லை. பிறகு ஒவ்வொரு பொறியாளராக வந்து பார்த்தார்கள், வரைந்தார்கள், முடியாது என்று எழுதினார்கள், மறுபடி வரைந்தார்கள். திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தானது. 1887-இல் அணை வேலை தொடங்கியது. காட்டுவெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. மலேரியாக் காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது; தேக்கடிக் காட்டில் அவர்களில் சிலரின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்து மறுபடி கட்டினார்கள். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமாக வழி வெட்டினார்கள். 1895 அக்டோபர் 10-இல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தபோது, முதல் யோசனைக்கும் முதல் தண்ணீருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடியிருந்தது.

கட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் பிறந்த ஜனவரி 15 எங்களுக்குப் பொங்கலோடு பொங்கலாக வருகிறது. பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த வீடுகள் உண்டு. சில வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கும், பூ வைத்து. மதம் மாற்ற வந்தவரில்லை அவர். ஒரே ஒரு ஆற்றை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் பிரிம்லி என்ற ஊரில் புனித பேதுரு கோயில் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்று பெயர் என்பதால், அவர் எங்கேயோ நம் இராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார் என்று அம்மா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

ஆறு திரும்ப இத்தனை காலம் ஆனதே, மூன்று நாள் கண்ணீரில் ஆள் திரும்புவாரா என்று யாராவது குதர்க்கமாகக் கேட்டால், "அது சிவில் வேலை" என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: பதவியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நடுவயதுக்காரர்களுக்கு இதைவிடச் செழிப்பான இலை வேறில்லை. நானே உதாரணம். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்கு வேண்டாம். பதினான்கு வருடம் கமிட்டிச் செயலாளராக இருந்தேன். சாவிக்கொத்து என் இடுப்பில். ஒலிபெருக்கிக்காரருக்கு என் கண்ணசைவு போதும். அறிவிப்பு வாசிக்க எழுந்தால் சில நாள் பிரசங்கத்தைவிட நீளமாகப் போகும். கல்யாண ஓலை முதலில் வருவதா, இழவுச் செய்தி முதலில் வருவதா, கிறிஸ்துமஸ் குடில் எந்த மூலையில் என்பதெல்லாம் என்னைக் கேட்டுத்தான். ஆவிக்குரிய வாழ்க்கையில் நான் எவ்வளவு உயர்ந்துவிட்டேன் என்பது சாவிக்கொத்தின் எடையிலேயே தெரிந்தது.

பதினைந்தாம் வருடத் தேர்தலில் மூன்று ஓட்டில் தோற்றேன். ஜெயித்தவன் ஓய்வுநாள் பள்ளியில் நான் வேதாகமப் புத்தகங்களின் பெயர் சொல்லிக் கொடுத்த பையன். அந்த மூன்று ஓட்டில் ஒன்று மைத்துனருடையது. அவரே வந்து சொன்னார். "மாமா, தப்பா எடுத்துக்காதீக, கொஞ்சம் ஓய்வு எடுங்க."

அடுத்த ஞாயிறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், பதினான்கு வருடமாக நான் அந்தக் கோயிலில் உட்கார்ந்ததே இல்லை. வாசல், வெஸ்ட்ரி, பின்பக்கம், காணிக்கை எண்ணும் மேசை என்று சுற்றிக்கொண்டே இருந்தவன். நடுவில் ஒரு பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கத்தை முழுதாகக் கேட்டேன். மோசமில்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு வயதான அம்மா எல்லாப் பாட்டையும் அரை வரி முன்னாலேயே பாடி முடித்துவிட்டுக் காத்திருப்பதைக் கவனித்தேன். பாட்டு நடுவில் எனக்கே மூன்றாம் சரணம் தெரியவில்லை என்பதையும் கவனித்தேன். வீட்டுக்கு வரும்போது மனைவி, "இன்னைக்குத்தான் நீங்க கோயிலுக்கு வந்திருக்கீங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் தாழ்மையில் வளர்ந்துவிட்டதாக எழுதினால் கையேடு அழகாக இருக்கும். நடந்தது அது இல்லை. எட்டு மாதம், புதுச் செயலாளர் அறிவிப்பில் செய்யும் பிழைகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். 61 வந்தது. அந்த நோட்டு இன்னும் மேசையில் இருக்கிறது. வெட்டின மறுநாளே கொடியில் பூ தேடுகிறவன் விவசாயி இல்லை என்று வேறு யாருக்காவது என்றால் நன்றாகவே சொல்வேன்.

படி 5 வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம்

படி 5 என்று 'ஒன்றும் நடக்காத காலத்தைக் கடப்பது எப்படி' என எழுத நினைத்தேன். அம்மா பக்கத்துச் சபை அதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. கத்தோலிக்கக் காலண்டரைப் பாருங்கள். திருவருகைக் காலம் நாலு வாரம், தவக்காலம் நாற்பது நாள், பாஸ்கா காலம் ஐம்பது நாள். திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல், போன வருடத்துக் குருத்தோலையை எரித்து எடுத்தது. (திராட்சைக்காரனுக்குச் சாம்பல் என்றதும் முதலில் நோய்தான் ஞாபகம் வரும், மன்னிக்கவும்.) ஊதா, வெள்ளை, சிவப்பு என்று பூசை உடுப்பின் நிறம் மாறும். இவையெல்லாம் போக மீதி 33 அல்லது 34 வாரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பொதுக்காலம். உடுப்பு பச்சை. பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு, பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். மேளம் இல்லை, தேர் இல்லை, மறைமாவட்டத்திலிருந்து யாரும் வருவதில்லை.

வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்றுமில்லை என்று பெயர் வைத்து, அதையும் ஞாயிறு ஞாயிறாக எண்ணிய அந்தப் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. திராட்சையிலும் அப்படித்தான். கவாத்தும் அறுவடையும் சில நாள் வேலை. மற்ற நாளெல்லாம் களை, மருந்து, கொடியைக் கம்பியில் கட்டுவது, மழை வந்தால் செவட்டை நோய் வருமே என்று கவலைப்படுவது. யாரும் படம் எடுக்காத நாட்கள். ஒரு சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் எழுந்து போய்க் களை எடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். மைக்கை வாங்கிவிடுவார்கள்.

படி 6: ஏலத்தில் உரக்கக் கேளுங்கள்

அறுப்பின் பண்டிகை நம் சி.எஸ்.ஐ. சபைகளின் சிறப்பு. விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு தேங்காயை இரண்டு சம்பந்திகள் கௌரவத்துக்காக ஏற்றிவிட்டு, கடைசியில் ஜெயித்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். போடிக்காரர்களுக்கு இதில் தனித் தேர்ச்சி உண்டு. அவர்கள் ஊரில் ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள். ஏலக்காயின் பெயர் நம் மலைச்சொல், கூவி விற்பதன் பெயர் போர்த்துகீசியர் விட்டுப் போன சொல், இரண்டும் தமிழில் ஒரே ஒலியாகிவிட்டன.

ஒரு வருடம் நான் முதல் கொத்துத் திராட்சையைக் கொண்டுபோனேன். அரைக் கிலோகூட வராது. 700 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் நான் என்பதைச் சொல்லியாக வேண்டும். என் கொத்து குறைந்த விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கனி கொடுத்தவனும் அதைப் பாராட்டியவனும் ஒரே ஆளாக இருப்பதில் இருக்கும் திருப்தியை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதியோருக்கு

பெரியம்மாவுக்கு 74 வயது. நாற்பது வருடம் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்குப் போனவர். ஜீப்பில் எத்தனை பேர் என்று சட்டம் சொல்வது வேறு, ஏறுவது வேறு. செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, பழுத்த காயைப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சைத் தொட்டால் கங்காணி திட்டுவார். முழங்கால் போன பிறகு வீட்டோடு இருக்கிறார். கையில் எப்போதும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை. அவர் அதை உருட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏலக்காயைக் கிள்ளுகிற அதே அசைவு. பழுத்ததா என்று ஒரு நொடி நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்த மணிக்குப் போகின்றன.

இந்தக் கையேட்டுக்காக அவரிடம் கேட்டேன். "பெரியம்மா, வயசான காலத்துல விசுவாசத்துல வளர்றது எப்படி?"

"வளந்து என்னடா செய்யப் போற? இப்பவே சட்டை பொத்தான் மூட மாட்டேங்குது."

பிறகு அடுத்த மணிக்குப் போய்விட்டார். ஆகவே முதியோருக்கான பகுதி இவ்வளவுதான்.

கூலி பற்றிய குறிப்பு

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். பிரசங்கத்தில் கேட்கும்போது கண் கலங்கும். கம்பத்தில் ஒரு நாள் செய்து பாருங்கள். மறுநாள் காலையில் தோட்டத்தில் நீங்களும் நாயும்தான். அந்த உவமையை நான் இன்னும் கடைப்பிடிக்கவில்லை. ஆனால் நாளை கடைப்பிடிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

நாளை எங்கள் தோட்டத்தில் கவாத்து. எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள், ஐந்து பேர்தான் தேறினார்கள். புதுச் செயலாளர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கத்திரி பிடிக்கத் தெரியுமா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு பேர் வேண்டும். காலை ஆறு மணிக்கு வந்தாலும் சரி, பதினொரு மணிக்கு வந்தாலும் சரி, கூலி ஒன்றுதான். மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. வெட்டிய குச்சியை விறகுக்கு எடுத்துப் போகலாம். சுருளிப்பட்டி ரோட்டில் வந்து மொட்டைப் பந்தல் எது என்று கேட்டால் மத்தியானத்துக்கு மேல் யாரும் காட்டுவார்கள்.